உள்பக்கத்து வாசனை

கடையில் அவளை எல்லோரும் மூக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, அதை வைத்துக்கொண்டு அவள் செய்த அமர்க்களம்தான் பெரிது. ஐந்து மாடிக் கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் முதலில் எதிர்ப்படுவது அவளுடைய சென்ட் கவுண்டர். வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் அவர் எந்த ரகம் என்று முடிவு கட்டிவிடுவாள். உலகத்துப் பெண்கள் அத்தனை பேரையும் பூ, மரம், பழம் என்று மூன்று அலமாரிகளில் அடுக்கி வைத்திருந்தாள். நாலாவது அலமாரி ஒன்று தேவைப்படும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பூ ரகம் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். மர ரகம் சொன்ன நேரத்துக்கு வரும், சொன்னதைச் செய்யும், சிரிப்புக்கு மட்டும் முன்கூட்டியே மனு கொடுக்க வேண்டும். பழ ரகம்தான் அவளுக்குச் செல்லம். பீச், லிச்சி, கடைசியில் லேசாக வெனிலா என்று தித்திக்கிற இளஞ்சிவப்புப் புட்டியைக் கையில் எடுத்தால் போதும், அவள் குரலே குழைந்துவிடும்.

"இத போடறவங்க எப்படி இருப்பாங்க தெரியுமா மேடம்? ஒரு இடத்துல சோகமா பத்து நிமிஷம் உட்கார மாட்டாங்க. சிரிப்பு முதல்ல வரும், ஜோக்கு அப்புறம்தான் வரும். பக்கத்துத் தட்டுல இருந்து கேக்காமயே எடுத்துச் சாப்பிடுவாங்க, ஆனா யாருக்கும் கோபமே வராது. முதல்ல செஞ்சிடுவாங்க, அப்புறம்தான் யோசிப்பாங்க!"

கேட்கிற பெண்கள் 'அட, நம்மளத்தான் சொல்றா' என்று சிரித்துக்கொண்டே பையைத் திறப்பார்கள். இதில் பாதி கம்பெனிக்காரர்கள் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. மீதிப் பாதி மூக்கம்மாவின் சொந்தச் சரக்கு. விற்பதற்காகச் சொன்னதாக மட்டும் இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவள் அதை நம்பவும் செய்தாள், அதுதான் வினை.

வேலை நாட்களில் அவள் மேல் என்ன வாசனை அடிக்கிறது என்று அவளுக்கே தெரியாது. நாற்பது புட்டிகளுக்கு நடுவே நாளெல்லாம் நின்றால் எந்த மூக்கும் கையைத் தூக்கிவிடும். வார விடுமுறை அன்றுதான் அது துலக்கி வைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று ஆகும். அப்படி ஒரு விடுமுறை நாளில்தான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். காலை முதல் மாலை வரை "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே குரல்தான். நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆஸ்பத்திரியில் சென்ட்டுக்குத் தடை. தடை இல்லாவிட்டாலும் அக்கா போட்டிருக்க மாட்டாள். தேக்கு மரம். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனிதர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் நின்றே கிடந்தது. "வீட்டுக்காரர் கூப்பிடாம நான் எப்படி கை வைக்க?" என்பார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்ற மூக்கம்மா, கைப்பையை மாட்டக் கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியைத் தேடினாள். அதில் மாமாவின் சாம்பல் நிற கம்பெனி ஜாக்கெட் தொங்கியது. அதை நகர்த்தினாள்.

பீச். லிச்சி. பின்னாலேயே வெனிலா.

அவள் ஜாக்கெட்டை விரித்து உள்துணியில் முகத்தைப் புதைத்தாள். சந்தேகமே இல்லை, அந்தப் புட்டிதான். மாமா கொஞ்ச நாளுக்கு முன் கடையின் சரக்கு லிஃப்டைப் பார்க்க வந்திருந்தாரே, அப்போது ஒட்டியிருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே அவளுடைய தொழில் அறிவு அதைத் தள்ளுபடி செய்தது. காற்றில் மிதப்பது துணியின் வெளியில்தான் ஒட்டும். இதுவோ உள்பக்கம், நெஞ்சுப் பக்கம், காலர் மடிப்பு. ஆள் மேல் ஆள் சாய்ந்தால் ஒழிய இப்படி ஏறாது.

அக்கா வைத்த தேநீர் ஆறுவதற்குள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டாள்.

வருத்தத்தோடு சொன்னாளா, பெருமையோடு சொன்னாளா என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். இரண்டும்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், பெருமைதான் கூடுதல். பிறந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் அக்காவிடம் கேட்டே வளர்ந்தவள், அன்றைக்கு முதன்முதலாக அக்காவுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தாள்.

"யாரா இருக்கும்?" என்று அக்கா கேட்டாள். குரல் அடித்தொண்டையில் இருந்து வந்தது.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "ஆள் தெரியாதுக்கா, ஆனா ரகம் தெரியும்" என்று ஆரம்பித்து, சின்ன வயது, கலகலப்பு, கவலையே கிடையாது, எதையும் கேட்காமல் எடுத்துக்கொள்கிற குணம் என்று ஒரு பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை உண்டாக்கி அக்கா வீட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் படி இறங்கினாள்.

அந்தப் பெண் அங்கேயே தங்கிவிட்டாள். அக்கா சில நாள் பொறுத்தாள், பிறகு ஒருநாள் மாமாவிடம் கேட்டேவிட்டாள். மாமா முதலில் சத்தம் போட்டாராம். எந்த வாசனை, எவள், என்ன உளறுகிறாய் என்று குதித்தாராம். "உள்பக்கம் அடிக்குது. அது எந்த சென்ட்டுன்னு கூட என் தங்கச்சி சொல்லிட்டா" என்று அக்கா சொன்னதும், சுவிட்சை அணைத்த மாதிரி அடங்கிவிட்டாராம். அதற்குப் பிறகு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு வேறு எப்படி இருக்கும் என்றுதான் அக்காவும் நினைத்தாள், அதை போனில் கேட்ட தங்கையும் நினைத்தாள். மறுவாரமே, வெளியூரில் கட்டுகிற நாற்பது மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டுகிற வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டார். ஆறு மாத வேலை. வீட்டை விட்டு இருக்க முடியாது என்று முன்பு வேண்டாமென்று தள்ளியது.

சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று மூக்கம்மாவுக்குத் தோன்றியது. ஆனாலும், மறைத்தால்தானே தப்பு, சொன்னது எப்படித் தப்பாகும் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டாள்.

மாமா கிளம்புகிற அன்று பிற்பகல், கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரம். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றவில்லை. இத்தனை வருடத்தில் அவள் இந்தக் கவுண்டர் பக்கம் வந்ததே இல்லை. கண் வீங்கியிருந்தது, உதட்டில் மட்டும் புதிதாக ஏதோ சாயம் பூசியிருந்தாள். அது அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

"சாயங்காலம் கிளம்பறாரு. கம்பெனி குடோன்ல இருந்து வேன்" என்றாள். "எனக்கு ஒரு சென்ட் வேணும்."

"சென்ட்டா? உனக்கா?"

"அந்த சென்ட். அவ போடற சென்ட்."

கைப்பையைத் திறந்து ஒரு காகிதச் சீட்டை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். வாடிக்கையாளர் முகர்ந்து பார்க்க சென்ட்டைத் தெளித்துக் கொடுப்பார்களே, அந்த நீளச் சீட்டு. "ஊருக்குப் போறாரே, துவைச்சுத் தரலாம்னு ஜாக்கெட்ட எடுத்தேன். உள்பாக்கெட் கிழிஞ்சிருக்கு. தைக்கலாம்னு கைய விட்டா, லைனிங்குக்குள்ள இது கிடந்துச்சு. அவளும் இப்படி ஏதோ கடையிலதான் இருக்கா போல. அப்புறம் துவைக்கவும் மனசு வரல, அப்படியே குடுத்துட்டேன்."

மூக்கம்மா சீட்டைப் பார்த்தாள். குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

தெளித்த முனை மேசையில் படாமல் இருக்கச் சீட்டை மடிப்பார்கள். மற்ற கவுண்டர் பெண்கள் எல்லோரும் ஒரே மடிப்பு. மூக்கம்மா மட்டும் படிக்கட்டு மாதிரி இரண்டு மடிப்பு மடிப்பாள். யார் சொல்லியும் மாற்றாத பழக்கம். அக்கா வைத்த சீட்டில் படிக்கட்டு இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மாமா வந்திருந்த அன்று காலை, கடை திறக்கும் முன். சரக்கு லிஃப்டின் பள்ளத்தில் இறங்கப்போன மாமா, "எண்ணெய் பட்டுடும், இங்க இருக்கட்டும்மா" என்று ஜாக்கெட்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். ஏசி எலும்பைத் துளைத்தது. கேட்காமலேயே எடுத்து மாட்டிக்கொண்டாள். புதுப் புட்டியின் தெளிப்பான் சரியாக இருக்கிறதா என்று கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, சீட்டில் ஒன்று. சீட்டை வழக்கம்போல் பாக்கெட்டில் செருகினாள். எந்த உடுப்பின் பாக்கெட் என்று கைக்கு என்ன தெரியும்? கதவு திறக்கிற மணி அடித்ததும் கழற்றிப் போட்டாள். மாட்டியதும் மனதில் பதியவில்லை, கழற்றியதும் பதியவில்லை. இப்போது எல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது.

கை தானாகச் சீட்டை மூடிக்கொண்டது. அதை அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல முடியாது.

"இதுதானே?" அக்கா இளஞ்சிவப்புப் புட்டியைக் காட்டினாள். "எடு. கையில அடிச்சு விடு."

எடுத்தாள். தெளித்தாள். குறி தவறிப் பாதி அக்காவின் சட்டைக் கையில் விழுந்தது. அக்கா மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனாள். மருந்து குடிக்கிற குழந்தையின் முகம்.

"இப்ப சொல்லு. இத போடறவ எப்படி இருப்பா? கஸ்டமருக்கெல்லாம் சொல்லுவியே, எனக்கும் சொல்லு. அவர் கிளம்பறதுக்குள்ள ஒரு தடவையாவது அப்படி இருந்து பாக்கறேன்."

"அக்கா, வேண்டாம்..."

"சொல்லுடி."

மூக்கம்மா சொன்னாள். ஆயிரம் தடவை ஒப்பித்தது, வாய் அதன் பாட்டுக்குச் சொன்னது. "சோகமா உட்கார மாட்டாங்க. சிரிப்பு முதல்ல வரும்..." அக்கா உதட்டை விரித்துச் சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, பல் மட்டும் தெரிந்தது. "கேக்காமயே எடுத்துப்பாங்க. யாருக்கும் கோபம் வராது. முதல்ல செஞ்சிடுவாங்க, அப்புறம்தான்..."

"உன்ன மாதிரின்னு சொல்லு" என்றாள் அக்கா. கேலியாகக்கூட இல்லை, புரிந்துகொண்ட நிம்மதியில் சொன்னாள். "அப்படின்னா எனக்கும் வரும். சின்ன வயசுல இருந்து உன்னத்தானே பாக்கறேன்."

அதற்கு மேல் மூக்கம்மாவால் தாங்க முடியவில்லை. மூடிய கையைத் திறந்தாள்.

"அந்த வாசனை என்னோடதுக்கா."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவளுக்கு உறைத்தது. அக்காவின் முகம் வெளிறிவிட்டது. பின்னால் ஒரு அடி நகர்ந்தாள். இத்தனை நாளாக முகமில்லாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு முகம் கிடைத்துவிட்டது.

"ஐயோ, அப்படி இல்லக்கா! குளிருச்சு. அவர் ஜாக்கெட்ட இங்க போட்டுட்டு வேலைக்குப் போயிட்டாரு, நான் எடுத்து மாட்டிக்கிட்டேன். கழுத்துல அடிச்சுப் பாத்தேன், சீட்ட பாக்கெட்டுல..."

"உள்பக்கம் இருக்கு" என்றாள் அக்கா. "நெஞ்சுப் பக்கம். ஆள் மேல ஆள் சாயாம வராதுன்னு நீதான சொன்ன."

"நான்தான் போட்டிருந்தேன், அதான் உள்பக்கம்! எனக்கு ஞாபகமே இல்ல, சத்தியமா இல்லக்கா, இந்த மடிப்பப் பாரு, இது நான் மடிக்கிறது..."

சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் பொய்யாகவே ஒலித்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவள் என்ன சொல்வாளோ அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். குளிருச்சு, மறந்துட்டேன், சத்தியமா. உண்மை இவ்வளவு கேவலமாக ஒலிக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. கடைசியில் வார்த்தை தீர்ந்துபோய், இரண்டு கையையும் கண்ணாடி மேல் வைத்தபடி சும்மா நின்றாள்.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிழலில் எது எலும்பு, எது முறிவு என்று பார்த்துப் பழகிய கண்.

"அவரும் இப்படித்தான் நின்னாரு" என்றாள் மெதுவாக. "கடைசியில, இதே மாதிரி. கைய வெச்சிக்கிட்டு. நான்தான் அத வேற மாதிரி படிச்சிட்டேன்." பிறகு, "மூச்ச விடு. வா" என்றாள்.

"எங்க?"

"எங்கிட்ட சொன்னத அவர்கிட்ட வந்து சொல்லு."

சூப்பர்வைசர் "கவுண்டர விட்டுட்டு எங்க போறே?" என்று கத்தியது பின்னால் கேட்டது. குடோன் இரண்டு தெரு தள்ளி. கடைச் செருப்போடு ஓடியதில் மூக்கம்மாவின் குதிகால் உரிந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. பின்னால் வருகிறாளா என்று காலடிச் சத்தத்தில் மட்டும் கவனம் வைத்து நடந்தாள்.

தகரக் கூரைக்கு அடியில் வேன் நின்றது. மாமா இரும்புக் கயிற்றுச் சுருள்களை உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார். ஜாக்கெட் கதவின் மேல் கிடந்தது. இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவர் கை நின்றது. அக்கா மேல் அடித்த வாசனை அவருக்கும் எட்டியிருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

மூக்கம்மா சொன்னாள். ஒன்றையும் விடாமல், ஜாக்கெட், குளிர், சீட்டு, மடிப்பு எல்லாம். "உங்க மேல மண்ண அள்ளிப் போட்டது நான்தான் மாமா" என்று முடித்தாள்.

மாமா ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"ஸ்பேனர் எடுக்க மேல வந்தேன் அன்னிக்கு" என்றார். "நீ ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு, ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே புட்டி துடைச்சிட்டு இருந்தே. பாவம், குளிருது போலன்னு அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

"தெரியுமா உங்களுக்கு?" அக்காவின் குரல் கிறீச்சிட்டது. "தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"முதல்ல தெரியல. உள்பக்கம்னு சொன்னியே, அப்பத்தான் புரிஞ்சுது." அவர் கயிற்றின் முடிச்சை இறுக்கினார். "என்னன்னு சொல்றது? அது உன் தங்கச்சி மேல அடிக்கிற வாசனைன்னா? நீயே ஒரு தடவ சொல்லிப் பாரு, எப்படிக் கேக்குதுன்னு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எப்படிக் கேட்கும் என்று அவளுக்குச் சற்று முன்னால்தான் தெரிந்திருந்தது.

"என்ன சந்தேகப்பட்டா நான் ஊர விட்டுப் போவேன். லிஃப்ட் எந்த ஊர்லதான் இல்ல? இவள சந்தேகப்பட்டா இவ எங்க போவா? உனக்கும் இவள விட்டா யாரு இருக்கா?"

இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று மூக்கம்மா நினைத்தாள். அவள் ஒரு பொய்ப் பெண்ணைக் கட்டி இவர் தோளில் சாய்த்தாள். இவர் அந்தப் பெண்ணின் பெயரைத் தெரிந்துகொண்டும், அதைத் தன் வாயால் சொல்லாமல் மூட்டை கட்டியிருந்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தாள். கடையில் யார் காலையாவது மிதித்துவிட்டால் சொல்கிற வார்த்தை அது. இங்கே அதை எடுத்து நீட்ட வெட்கமாக இருந்தது.

டிரைவர் ஹாரன் அடித்தான். "போய்த்தான் ஆகணுமா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒத்துக்கிட்டாச்சு. எனக்காக நாலு பேர் காத்திட்டு இருக்காங்க. மாத்து ஆள் கேக்கறேன், கிடைச்சதும் வந்துடறேன்."

"எப்ப கிடைக்கும்?"

"தெரியலயே." அவர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலால் அந்த வாசனையை அழுத்தித் துடைத்தார். "இதெல்லாம் உனக்கு வேண்டாம்." அக்கா அழுதுவிட்டாள். அழும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தகரத்தின் இடுக்கு வழியாக மாலைக் காற்று உள்ளே புகுந்தது. மூக்கம்மா கடையின் மெல்லிய சட்டையோடு ஓடி வந்திருந்தாள். நடுங்கினாள், குளிரிலா அழுகையிலா என்று தெரியவில்லை. மாமா அதைப் பார்த்தார். கதவு மேல் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"குளிருதா? போட்டுக்கோ."

அவள் பின்வாங்கினாள். கேட்காமல் எடுத்துக்கொள்ளத் தெரிந்த கைக்கு, கொடுத்ததை வாங்கத் தெரியவில்லை. அக்காதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரிடமிருந்து வாங்கி அவள் தோளில் போட்டாள். அன்பாகப் போடவில்லை. ஈரத் துணியைக் கொடியில் போடுகிற மாதிரி போட்டாள்.

வெளிக்காற்று, நாற்பது புட்டிகள் பக்கத்தில் இல்லை, ஓடி வந்ததில் மூக்கும் தெளிந்திருந்தது. காலர் மடிப்பிலிருந்து பீச் வந்தது, பிறகு லிச்சி, பிறகு வெனிலா. இவ்வளவு நாளாக விற்ற வாசனையை அவள் தன் மேல் முகர்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேன் தெரு முனையில் திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகுதான் ஜாக்கெட் தன் மேலேயே இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. மாமா வெறும் சட்டையோடு போயிருந்தார், காற்றடிக்கிற நாற்பது மாடிக்கு.

"அக்கா, ஜாக்கெட்டு..."

அக்கா தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "துவைச்சு வை" என்றாள். "பாக்கெட்டையும் தைச்சு வை. அவர் வந்ததும் உன் கையாலயே குடு."